இடது குழல்

மார்ச்சில்தான் தெரிந்தது.
ஏஜென்சிக்காரன் வருடத்துக்கு ஒருமுறை
எலகங்கா பக்கம் எங்களைக் கூட்டிப்போய்
ஆளுக்கு இரண்டு தோட்டா கொடுப்பான்.
வலது குழல் வெடித்தது.
இடது, 'ச்சு' கொட்டியது,
என்னைப் பார்த்து இரக்கப்படுகிற மாதிரி.
சூப்பர்வைசர் போனில் இருந்தான்.
நான் பலமாக இருமினேன்.
இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

சம்பளம் இருபத்திநாலாயிரம்.
அதில் பன்னிரண்டு எனக்கு, பன்னிரண்டு துப்பாக்கிக்கு.
துப்பாக்கி இல்லாதவனுக்கு
அதே வங்கி வாசல், அதே ஸ்டூல், பாதிக் கூலி.
ஆக எங்கள் வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் இரண்டு பேர்.
ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை.

சிவாஜிநகரில் இனாயத்துல்லா.
பாதி ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தேன்.
பிரித்தார், ஊதினார், கண்ணில் லென்ஸை இடுக்கிப் பார்த்தார்.
'ஊசி தேஞ்சிருக்குது. விட்டுட்டுப் போங்க.
புதன்கெழமை வாங்க.'
எந்தப் புதன் என்று கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஊரின் பழைய தெருக்களில்
கதவில் சுண்ணாம்பால் எழுதி வைப்பார்களாம்: நாளே பா.
ராத்திரி வருகிற பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடும்.
மறுநாள் வரும். மறுபடி படிக்கும்.
ஏழு புதன் நான் அந்தப் பேயாக இருந்தேன்.
பேய்க்கு பஸ் டிக்கெட் கிடையாது,
எனக்கு லிங்கராஜபுரத்திலிருந்து போக வர நாற்பது ரூபாய்.
'துப்பாக்கி எப்ப வேலைக்குப் போகுது?'
என்று கேட்டாள் பாக்கியமேரி,
மளிகைப் பாக்கியைக் கூட்டிக்கொண்டே.

எட்டாம் புதன் கைக்கு வந்தது.
இரண்டாயிரத்து எண்ணூறு.
குழலில் எண்ணெய் மினுமினுப்பு, கட்டைக்குப் புது பாலிஷ்.
யாரும் கேட்காத கல்யாண அலங்காரம்.
வீட்டில் வெற்றுத் தோட்டா போட்டு இழுத்துப் பார்த்தேன்.
கேப்பில் ஊசி குத்திய பள்ளம் விழ வேண்டும்.
இடதில் ஒன்றுமில்லை.
வலதில், கொசு கடித்த மாதிரி ஏதோ.
போகும்போது ஒரு குழல் நோயாளி,
வரும்போது இரண்டு.

ஜே.சி. ரோடு கடையில் விற்பார்களாம், தொடமாட்டார்களாம்.
ரிச்மண்ட் டவுன் உத்தப்பா
போட்டிக்குச் சுடுகிறவர்களின் ஜெர்மன் ரைஃபிள் மட்டும்தான் பார்ப்பார்.
என்னுடையதை ஒரு விரலால் தூக்கி,
'இதை இன்னுமா வச்சிருக்கீங்க?' என்றார் இங்கிலீஷில்.
பீன்யாவில் லேத் ஓட்டும் பசவலிங்கு
தேய்ந்த ஊசியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பத்து நிமிஷ வேலை.
அவன் கை ஏற்கெனவே கம்பியை எடுத்துவிட்டது.
பிறகு வைத்துவிட்டு, துணியில் விரல்களைத் துடைத்தான்.
'லைசென்ஸ் இல்ல. ஜெயிலு ஸ்வாமி.'

அதனால் செத்த துப்பாக்கியோடு டியூட்டிக்குப் போனேன்.
மேனேஜர் அனகா மேடம், 'புதுசா?' என்று கேட்டார்.
பாலிஷ் அப்படி.

ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம்.
மழை விட்டிருந்தது, பணப்பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரு பைக் வேகம் குறைந்தது. இரண்டு பேர். ஹெல்மெட்.
தோளிலிருந்து கைக்கு எடுத்தேன்.
பின்னால் இருந்தவன் குழல்களைப் பார்த்தான்,
முன்னால் இருந்தவன் முதுகைத் தட்டினான்,
போய்விட்டார்கள்.
வழி கேட்க வந்தவர்களாகவும் இருக்கலாம்.

டிரைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.
நான் ஸ்டேஷனரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.
கை நின்றபாடில்லை.
பதினோரு வருடத்தில் யாரையும் சுட்டதில்லை,
சுட நினைத்ததும் இல்லை.
இந்த நடுக்கம் மட்டும் புதுசு.

புதன் வந்தது.
கான்வாஸ் உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
வேறு எங்கே போவேன்?
பாதி ஷட்டருக்குள் இனாயத்துல்லா தலையைத் தூக்கினார்.
உறையை அவிழ்க்கவே இல்லை நான்.
'வலதும் போச்சா?' என்றார்,
எதிர்பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் மாதிரி.
ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.
எதிர்க்கடைப் பையனைக் கூப்பிட்டு
இரண்டு டீ சொன்னார்.

டீ உடனே வந்தது.